நாலு பன்னிரண்டுக்கு வந்த பதில்

அத்தியாயம் 4

"வர்றேன்னு நான் சொல்லவே இல்லக்கா," என்றாள் எழில்மதி. வந்ததிலிருந்து இதை அவள் சொல்வது மூன்றாவது தடவை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் மெர்லினின் ஆபீஸ். போர்டு கிடையாது. தேவைப்படுகிறவர்கள் எப்படியோ விசாரித்துக்கொண்டு படியேறி வந்துவிடுவார்கள். கேமரா, பூட்டு, கைக்கடிகாரம் என்று இன்டர்நெட்டோடு பேசுகிற எந்தப் பொருளானாலும் சரி, அதை மேஜைமேல் உட்காரவைத்து விசாரிப்பதுதான் மெர்லினின் தொழில். சென்னையில் ஒன்பது வருஷம் பார்த்த வேலை. அவள் விசாரிக்கிற விதம்தான் விசேஷம். பொருளை ஒரு டின்னுக்குள் வைத்து மூடுவாள். பிறகு அதைச் சுற்றி ஒரு பொய் ஊரையே கம்ப்யூட்டருக்குள் கட்டுவாள். பொய் டவர், பொய் வைஃபை, பொய் கம்பெனி. டின்னுக்குள் இருக்கிற அப்பாவிப் பொருள் தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பி வழக்கம்போலப் பேச ஆரம்பிக்கும். எங்கே ஓட்டை, யார் நுழையலாம், எதை மறைக்கிறது எல்லாம் அதன் வாயாலேயே வந்து விழும்.

"பொய் சொல்லியே உண்மை வாங்குறவங்க எங்க மேடம்," என்று வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார் தீனதயாளன். வயது ஐம்பத்திரண்டு. சங்கராபுரத்தில் பாதிக் கடைகளுக்குக் கேமரா மாட்டியவர். ஒரு நாள் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு மெர்லினிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். இடுப்புக்குத்தான் அடி. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு அவர்கூட அடக்கித்தான் வாசித்தார். எழில்மதியின் முகம் அப்படி இருந்தது. இருபத்தாறு வயதுப் பெண், பதினான்கு நாளில் பத்து வயது கூடியவள்போல உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டாலர், கறுப்புக் கயிற்றோடு. டாலரின் நடுவில் ஒரு பொத்தான்.

"அப்பா கழுத்துல போட்டிருந்தது. அண்ணன்தான் வாங்கி மாட்டிச்சு."

விஷயம் இதுதான். அப்பா அம்மாசி கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி கடுக்காய்ப்பாறை என்கிற சின்ன ஊரில் தனியாக இருந்தார். அம்மா இல்லை. அண்ணன் தமிழ்வேந்தன் உளுந்தூர்பேட்டையில் லாரி டிரைவர். எழில்மதிக்குச் சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் வாசம். அப்பா டாலரை அமுக்கினால் எழில்மதியின் போன் அலறும். திரையில் 'அப்பா அழைக்கிறார்' என்று வரும். அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: 'வருகிறேன்'. அதைத் தொட்டால் அந்தப் பக்கம் டாலர் அப்பாவின் நெஞ்சில் அதிர்ந்து சேதி சொல்லும்.

பதினான்கு நாள் முன்பு சாயங்காலம், அம்மாசி தன் சாமைக் கொல்லையில் செத்துக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். டாலர் விற்ற கம்பெனிக்குத் தமிழ்வேந்தன் எழுதிக் கேட்க, அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. மெர்லின் அதை எடுத்துப் படித்தாள்.

'மாலை 4.12: அழைப்பு. பத்து விநாடிக்குப் பின் மகள் எழில்மதியின் பதில்: வருகிறேன்.'

"வர்றேன்னு சொல்லிட்டு வராதவ காரியத்துக்கு மட்டும் எதுக்கு வரணும்னு அண்ணன் கேக்குது. மலை ஏறக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நாளான்னிக்கு பதினாறாம் நாள் காரியம்க்கா. எனக்கு எந்த அழைப்பும் வரல. ஆனா கம்பெனியே எழுதியிருக்கே? கை பட்டுடுச்சா, தூக்கத்துல அமுக்கிட்டனா, எனக்கே பைத்தியம் புடிச்சிரும்போல இருக்கு. தப்பு என் மேலதான்னா சொல்லிடுங்க. தெரிஞ்சிக்கினு போயிடறேன்."

"அன்னிக்கு நாலு பன்னண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"ஆலை கேட்டுக்கு வெளிய. உள்ள போன் எடுத்துக்கினு போவக் கூடாது. ஆஃப் பண்ணி கேட்டுல பெட்டில போட்டுடணும். நாலு மணிக்கு ஷிப்ட் வுட்டதும் வாங்கி ஆன் பண்ணுவேன். அப்படியே பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தேன்."

மெர்லின் அவளுடைய போனை வாங்கி அரை மணி நேரம் துருவினாள். நாலு பன்னிரண்டுக்கு அதில் அழைப்பும் இல்லை, பதிலும் இல்லை. அழித்த சுவடும் இல்லை.

"அப்போ எவனோ நடுவுல பூந்து இந்தப் பொண்ணு பேர்ல பதில் போட்டிருக்கான்," என்றார் தீனதயாளன். "ஆள் மாறாட்டம் மேடம். ஓட்டுல பாத்திருக்கேன், பத்திரத்துல பாத்திருக்கேன், டாலர்ல இப்பதான் பாக்கறேன்."

"நடுவுலன்னா எந்த நடுவுல? ஊரைப் பாக்காம பொய் ஊர் கட்ட முடியாது. வண்டியை எடுங்கண்ணே."

கோமுகி அணையைத் தாண்டி மேடு ஏற ஆரம்பித்ததும் தீனதயாளனின் வண்டி இருமியது. "இதுக்கும் எனக்கும் ஒரே வயசு. மேடு வந்தா ரெண்டு பேருமே உக்காந்து யோசிப்போம்," என்றார். மெர்லின் இரண்டு வளைவுகளில் இறங்கி நடந்தாள். அவர்கள் கடுக்காய்ப்பாறை போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

நாற்பது வீடு. ஊர் நடுவில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிமேல் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பம். கம்பத்தின் உச்சியில், பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு பழைய போன் தொங்கியது. கீழேயிருந்து சார்ஜர் ஒயர் ஏறிப்போயிருந்தது. கொடிக்குக் கட்டுவதுபோல ஏற்றி இறக்க ஒரு கயிறும் இருந்தது.

"தரையில சிக்னல் பூஜ்யம்," என்றார் தீனதயாளன், தன் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு. "உச்சியில கெடைக்குது. அங்க வாங்கி ஹாட்ஸ்பாட்ல ஊருக்கே ஊத்தறாங்க, அந்த டாலருக்கும் சேத்து. தண்ணித் தொட்டி மேல இன்டர்நெட் தொட்டி."

தொட்டிச் சுவரில் கரித்துண்டால் பெரிய எழுத்தில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுதியிருந்தது. தீனதயாளன் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "பூட்டையும் மாட்டி, சாவியையும் பக்கத்துலயே ஆணியில தொங்கவுட்டிருக்காங்க மேடம். யார் வேணாலும் உள்ள பூரலாம்."

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து செல்லியம்மாள் வந்தாள். கம்பத்துப் போனுக்கு அவள்தான் பொறுப்பு. ஏற்றுவதும் இறக்குவதும் அவள் கை. எழில்மதி அனுப்பினாள் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணு அப்பன் மேல உசுரு வெச்சிருந்துச்சு கண்ணு. வராம இருக்குமா?"

"இந்தப் போனுக்கு யாராச்சும் பேசினா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மெர்லின்.

"ஒரே ஒரு ரிங்கு வுட்டு கட் பண்ணிடுவாங்க. அதான் வழக்கம். கயித்தை எறக்கி, யாரு பேரு இருக்குதுன்னு பாத்து, போனை எடுத்துக்கினு அவங்க ஆளைத் தேடிக்கினு போவேன். கூட்டியாந்து அதோ அந்தப் பாறை மேல ஏத்தி, திருப்பிப் போட்டுக் குடுப்பேன். பாறை மேலயும் கொஞ்சம் கெடைக்கும்."

"இங்க எக்ஸ்சேஞ்சு, போஸ்ட் மேன் எல்லாம் நீங்கதான்னு சொல்லுங்க," என்றார் தீனதயாளன்.

மெர்லின் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். தொட்டிக்குக் கீழே சரிவில் சாமைக் கொல்லை. அங்கேதான் அம்மாசி விழுந்து கிடந்தது. கம்பத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கே கம்பத்துப் போனின் வைஃபை எவ்வளவு, எந்த மேட்டில் அறுகிறது, எங்கே திரும்பப் பிடிக்கிறது என்று கையிலிருந்த கருவியில் அளந்து குறித்தாள். இந்த மலையின் பலவீனம் எல்லாம் அவளுடைய பொய் மலையிலும் அப்படியே இருந்தாக வேண்டும்.

"அம்மாசி ஐயா இந்த டாலரை அமுக்கி நீங்க பாத்திருக்கீங்களாம்மா?"

"இன்னா இப்படிக் கேட்டுட்ட? டெய்லி அமுக்குவாரு."

மெர்லினின் பேனா நின்றது. "தினமுமா?"

"நாலு மணிக்கு மேல வந்து இந்தத் தொட்டிகிட்ட குந்திக்குவாரு. அமுக்குவாரு. பச்சை எரிஞ்சா, 'எழிலு கேட்டை வுட்டு வெளிய வந்துட்டா'ம்பாரு. அப்படியே அமுக்கிப் புடிச்சி அணைச்சிட்டு எழுந்து போவாரு. செவப்பு எரிஞ்சா அணைச்சிடுவாரு, ஆனா போவ மாட்டாரு. அரைமணி கழிச்சு திருப்பி அமுக்குவாரு. பச்சை பாக்காம அவரு வூடு போனதே கெடையாது."

மெர்லின் சாமைக் கொல்லையையே பார்த்தாள். பதில் போட்ட ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது வேறு, நிரூபிப்பது வேறு.

அம்மாசியின் வீட்டு வாசலில் தமிழ்வேந்தன் காரியத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். மழிக்காத தாடி. கடப்பாரையைக் கீழே வைக்காமலே பேசினான்.

"அவ மேல தப்பு இல்லைன்னு பொய் சொல்ல வந்தீங்களா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மெஷின் சொல்றதைக் கேளுங்க. ஒரே ஒரு கேள்வி. அழைப்பு போற நம்பரா ஏன் தங்கச்சி நம்பர் மட்டும் போட்டீங்க? உங்க நம்பரையும் போட்டிருக்கலாமே?"

"நான் லாரியில எங்கயாச்சும் கெடப்பேன். எடுக்க முடியாது." சட்டென்று திரும்பிக்கொண்டு குழி தோண்ட ஆரம்பித்தான். குழி ஏற்கெனவே போதுமான ஆழம் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெர்லினின் மேஜைமேல் கடுக்காய்ப்பாறை தயாராக இருந்தது. பார்வைக்கு ஒரு கம்ப்யூட்டர், இரண்டு சின்னப் பெட்டி, ஒரு பெரிய முறுக்கு டின். அவ்வளவுதான். வெளிக்காற்றின் நிஜ சிக்னல் எதுவும் உள்ளே போகாதபடி டின்னுக்குத் தாமிர வலை ஒட்டியிருந்தார் தீனதயாளன். உள்ளே அதே பெயரில் கம்பத்துப் போன், அதே பாஸ்வேர்டு, அதே இழுபறியான டவர், அந்தக் கம்பெனி மாதிரியே பதில் சொல்கிற பொய்க் கம்பெனி.

மேஜையின் அந்தப் பக்கம் தமிழ்வேந்தன் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் எழில்மதி. அண்ணன் முகத்தைத் தங்கை பார்க்கவில்லை. தங்கை முகத்தை அண்ணன் பார்க்கவில்லை. எழில்மதியின் போனையும் பொய் ஊரோடு சேர்த்து மேஜை நடுவில் வைத்தாள் மெர்லின்.

"இது உங்க அப்பாவோடது இல்ல. அதே ரகத்துல புது டாலர்," என்று ஒன்றை எடுத்துக் காட்டி டின்னுக்குள் வைத்தாள். டின்னின் பக்கத்துத் துளை வழியாகக் கையை விட்டு அமுக்கினாள். டின்னுக்குள் பச்சை எரிந்தது மூடியில் பதித்த கண்ணாடித் துண்டு வழியே தெரிந்தது.

"அமுக்கினதும் இது மொதல்ல எழில்மதி போன் உயிரோட இருக்கான்னு பாக்குது. இருந்தா பச்சை. ஆஃப்ல இருந்தா செவப்பு. அப்பறம் பதினஞ்சு விநாடி காத்திருக்கும், தெரியாம கை பட்டிருந்தா அணைக்கிறதுக்கு. அது வரைக்கும் போன் அடிக்காது. இப்ப நான் அணைக்கிறேன்."

அமுக்கிப் பிடித்தாள். பச்சை அணைந்தது. எழில்மதியின் போன் வாயே திறக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பொய்க் கம்பெனிக்கு ஒரு வரி வந்து விழுந்தது.

'மகள் எழில்மதியின் பதில்: வருகிறேன்.'

தமிழ்வேந்தன் முன்னால் குனிந்தான். "அவ தொடவே இல்லியே?"

"தொடல. அணைச்சவங்க யாரா இருந்தாலும் மகள் பதில் சொன்னதாத்தான் இந்த டாலர் கம்பெனிக்குச் சொல்லுது. செஞ்சவங்க சோம்பேறித்தனம். அழைப்பு முடிஞ்சுதுன்னா யாரோ வரேன்னு சொல்லியிருப்பாங்கன்னு அவங்களே முடிவு கட்டிட்டாங்க. ஆள் மாறாட்டம் பண்ணது திருடன் இல்ல, டாலரேதான்."

"மெஷினே பொய் சாட்சி," என்று முணுமுணுத்தார் தீனதயாளன்.

"கம்பெனிகிட்ட மொத்தக் கணக்கையும் கேட்டு வாங்கினேன். நீங்க ஒரு நாளை மட்டும்தான் கேட்டிருக்கீங்க." மெர்லின் நான்கு தாள்களைப் பரப்பினாள். "நூத்திப் பதினெட்டு நாள். தினமும் நாலு மணிக்கு மேல ஒரு அழைப்பு. தினமும் பத்து விநாடியில பதில். மனுஷங்க பதில் ஒரு நாள் மூணு விநாடி, ஒரு நாள் ஒரு நிமிஷம் ஆகும். இது நூத்திப் பதினெட்டு நாளும் பத்து விநாடிதான், அணைச்சா டாலர் அப்படித்தான் எழுதுது. சில நாள்ல மட்டும் ரெண்டு மூணு அழைப்பு இருக்கு. எழில்மதி, தேதியைப் பாருங்க."

எழில்மதி விரலை வைத்துப் படித்தாள். எட்டாம் தேதி. பத்தொன்பது. இருபத்தேழு. விரல் நின்றது.

"இதெல்லாம் எனக்கு ஓவர்டைம் நாளுக்கா. ஆறு மணி வரைக்கும் வேலை. போன் பெட்டியில கெடக்கும்."

"அன்னிக்கெல்லாம் உங்க அப்பாவுக்கு செவப்பு. நீங்க வெளிய வந்து போனை ஆன் பண்ற வரைக்கும் அவர் தொட்டிகிட்டயே உக்காந்திருக்காரு. இந்த டாலரை அவர் ஆபத்துக்கு வெச்சிக்கல. பொண்ணு பத்திரமா வெளிய வந்துட்டாளான்னு பாக்க வெச்சிருந்தாரு. நாலு பன்னண்டுக்கு அவர் பாத்தது பச்சை. அணைச்சதும் அவரேதான்."

எழில்மதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை சத்தமில்லாமல் தோளில் தெரிந்தது. தமிழ்வேந்தன் கடிதத்தை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"உங்க மேல தப்பு இல்ல எழில்மதி," என்றாள் மெர்லின். ஜெயித்த சந்தோஷம் அவளுக்குள் இருக்கத்தான் இருந்தது. அதை மறைக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷம்தான் அவளைக் கெடுத்தது.

"அப்பா டாலரையும் போடுங்க," என்றான் தமிழ்வேந்தன். "இது புதுசு. அதுவும் இதையேதான் சொல்லுதான்னு பாத்துட்டா, ஊர்ல நானே நின்னு சொல்லிடுவேன்."

மெர்லினின் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பொருளையும் முதல் தடவை தனியாகத்தான் எழுப்ப வேண்டும். அது என்ன பேசும் என்று தெரியாமல் ஆளை எதிரே வைத்துக்கொண்டு எழுப்பக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் இதை மீறியதில்லை. அன்றைக்கு மீறினாள். நேற்றிரவு சார்ஜ் ஏற்றி வைத்திருந்த அம்மாசியின் டாலரை எடுத்து டின்னுக்குள் வைத்து, ஆன் செய்து, மூடியை அழுத்தினாள்.

டாலர் விழித்துக்கொண்டது. ஊரைத் தேடியது. கம்பத்துப் போனின் பெயரைக் கண்டது. இரண்டு முறை தடுமாறி, மலையில் தடுமாறுவதுபோலவே தடுமாறி, உள்ளே சேர்ந்தது.

யாரும் எதையும் அமுக்கவில்லை. எழில்மதியின் போன் அலறியது.

திரையில் வெள்ளை எழுத்து. 'அப்பா அழைக்கிறார்.'

எழில்மதி நாற்காலியோடு பின்னால் போனாள். மெர்லின் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஒரு வரி விழுந்திருந்தது. பதினைந்து நாள் முந்தைய தேதி. நேரம் 4.41. அவள் படித்து முடிப்பதற்குள் அடுத்தது. 4.44. அப்புறம் ஒன்று. 4.53. போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

மெர்லினுக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம்தான். நெட்வொர்க் இல்லாத நேரத்தில் வெளியே போக முடியாத சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். என்றைக்கு நெட்வொர்க்கைப் பார்க்கிறதோ அன்றைக்கு முதல் வேலையாக அதைக் கக்கும். அன்றைக்கே பேட்டரி செத்துப் பதினைந்து நாள் கைக்குட்டைக்குள் கிடந்த டாலர், வீடு வந்துவிட்டோம் என்று நம்பி, தன் கிழவனின் கடைசிச் சேதியை இப்போது சேர்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் இது?" என்றான் தமிழ்வேந்தன். "நாலு பன்னண்டோட முடிஞ்சுதுன்னீங்க?"

"பச்சை பாத்துட்டு கொல்லைக்கு எறங்கியிருக்காரு. அங்கதான் வலி வந்திருக்கு. மூணு தடவை அமுக்கியிருக்காரு. அணைக்கல. ஆனா..." மெர்லின் நிறுத்தினாள். நேற்று அளந்த அளவு அவள் கண்முன் வந்தது. சாமைக் கொல்லையில் வைஃபை நன்றாகவே இருந்தது. கம்பத்தில் போன் இருந்தால்.

அந்த நேரத்தில் கம்பத்தில் போன் இல்லை. யாரோ ரிங் விட்டிருக்கிறார்கள். செல்லியம்மாள் கயிற்றை இறக்கியிருக்கிறாள்.

"ஆனா இன்னாக்கா?"

"சிக்னல் கம்மி. மலையில அப்பப்ப..." அதற்கு மேல் வரவில்லை. நாள் முழுக்க மெஷின்களுக்குப் பொய் சொல்கிறவளுக்கு, ஒரு மனுஷிக்கு ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

எழில்மதி திரையில் விழுந்திருந்த நேரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 4.41. 4.44. 4.53.

"நாலு முப்பத்தஞ்சுக்கு நான் கம்பத்து போனுக்கு ரிங் வுட்டேன்," என்றாள்.

எழில்மதி நாற்காலியை மறுபடி மேஜைக்கு இழுத்துக்கொண்டாள்.

"பஸ்ல எடம் கெடச்சி குந்தினதும் வுட்டேன். ஒரே ரிங்குதான். செல்லியத்தை அப்பாவைக் கூட்டியாந்து திருப்பிப் போடும்னு பாத்துக்கினே இருந்தேன். வரல. கடுக்கா பொறுக்க காட்டுப்பக்கம் போயிருப்பாரு, தேடிக்கினு இருக்கும்னு நெனச்சேன். அத்தை போனை எடுத்துக்கினு காட்டுக்குத்தான் போயிருக்கும் இல்லக்கா? அப்பா தொட்டிக்குக் கீழயே கெடந்திருக்காரு. போனு காட்டுல இருந்திருக்கு. நான்தான் எறக்கவுட்டேன்."

மெர்லின் இல்லை என்று சொல்ல நினைத்தாள். ஆனால் எல்லாம் அப்படியேதான் நடந்திருக்கிறது. தீனதயாளன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தமிழ்வேந்தன் தங்கையைப் பார்த்தான். பதினைந்து நாளில் முதல் தடவையாகப் பார்த்தான்.

"எதுக்கு போன் பண்ண?"

"ஞாயித்துக்கிழமை லீவு குடுத்திருக்காங்க. வர்றேன்னு சொல்றதுக்குத்தாண்ணா பண்ணேன்."

அவன் முகம் கோணியது.

"என் நம்பரைப் போட்டிருந்தா மட்டும் எடுத்திருப்பனா? எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சிதான் உன் தலையில கட்டினேன். அதை யார்கிட்ட சொல்ல முடியும்? அதான் உன்னைத் திட்டிக்கினே இருந்தேன் எழிலு. உன்னை வுட்டா என்னைத்தான் திட்டிக்கணும்."

போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. பதில் சொல்லும்வரை நிற்காது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மெர்லின் பொய் ஊரை அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். எழில்மதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. அப்பா கூப்புடுது."

போனை அருகே இழுத்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அழைப்பு. ஒவ்வொன்றின் கீழும் அந்த ஒரே பொத்தான். முதலாவதைத் தொட்டாள். 'வருகிறேன்.' டின்னுக்குள் டாலர் அதிர்ந்து தகரத்தில் டர்ரென்று மோதியது. இரண்டாவதைத் தொட்டாள். மறுபடி டர்ரென்றது. மூன்றாவதற்கு வந்தபோது அவளுக்குத் திரை தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேடித் தொட்டாள். டாலர் மூன்றாவது தடவை அதிர்ந்து அடங்கியது. போன் ஓய்ந்தது. கண்ணாடித் துண்டு வழியே பச்சை மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைந்தது.

தமிழ்வேந்தன் எழுந்து வந்தான். டின்னைத் திறந்து டாலரை எடுத்து, அவள் கொண்டுவந்த கைக்குட்டையிலேயே சுற்றி, அவள் கையில் வைத்து விரல்களை மூடினான்.

"செல்லியத்தைகிட்ட இந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. நம்மளோட போவட்டும்," என்றான். "எழுந்திரு எழிலு. வா, போலாம். மத்தியான பஸ்ஸைப் புடிச்சாதான் இருட்டறதுக்குள்ள மேல போவ முடியும். நாளைக்குக் காரியத்துக்கு நீ இல்லாம எப்படி?"

அவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கீழே ஜெராக்ஸ் கடைச் சத்தத்தில் அவர்கள் காலடிச் சத்தம் கலந்து போயிற்று.

"அவங்க கேட்டது கெடச்சிடுச்சு மேடம்," என்றார் தீனதயாளன், ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே. "தப்பு யார் மேலன்னு கேட்டாங்க. அதோட நாம வேற எதையோ சேத்துக் குடுத்துட்டோம்."

"தனியா எழுப்பியிருக்கணும்ணே. தனியா எழுப்பியிருந்தா அந்த மூணையும் நான் மட்டும் வெச்சிக்கினு இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்களா?"

முறுக்கு டின் திறந்து கிடந்தது. திரையில் டவர், வைஃபை, கம்பெனி எல்லாம் அப்படியே இருந்தன.

"அணைச்சிடட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"கொஞ்ச நேரம் கழிச்சு," என்றாள்.

மேஜைமேல் பொய்க் கடுக்காய்ப்பாறை ஓடிக்கொண்டேயிருந்தது. அங்கே கம்பத்துப் போனை யாரும் இறக்கவில்லை.